பெங்களூரா மரத்தடிக்கு எந்தப் புல்

அன்றைக்கு அந்த முற்றத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர் கோவிந்தசாமி. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி கமலம்மா. மரம் வெட்டும் கபாலி, அவனுடைய ஆட்கள் இரண்டு பேர். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் எஸ்தர் மேடம். கடைசியாக நான், வேலு. இவர்கள் தவிர ஒரு குரலும் இருந்தது. கோவிந்தசாமியின் மகன் சீனு அமெரிக்காவிலிருந்து போனில் இருந்தார். கமலம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் போனை ஜன்னல் படியில் வைத்திருந்தார்.

நடுவில் ஒரு பெங்களூரா மாமரம். அதனடியில், நான் போட்டுச் செத்துப்போன புல்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் பழைய கம்பெனி ஆட்கள் போன் செய்தார்கள். "சித்தப்பா, ஒரு வீடு. முழுக்க நெழலு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, தண்ணி ஊத்தவே நேரம் இல்லன்றாங்க. எந்தப் புல்லு போடறது? பேசாம பிளாஸ்டிக் புல்ல விரிச்சிட்டு வந்துடலாமா?" திருப்பதியில் இப்போது லாட்ஜ் வாசலெல்லாம் பிளாஸ்டிக் புல்தான். பதில் சொன்னேன். சொன்னது சரியா என்று சந்தேகம் வந்து அன்றைக்கே மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டேன். அவர்களுக்கே அலுத்துப்போய், "எழுதிக் குடுத்துடு சித்தப்பா" என்றார்கள்.

நான் சித்தூர் பக்கத்துக் குடிபாலாக்காரன். என் நைனா அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலி. ஆறாவது பரீட்சைக்குப் பயந்து ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகு போகவே இல்லை. திருப்பதியில் லாட்ஜுகளாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் குழி வெட்டப் போனேன். குழி வெட்டியவன் செடி நட்டேன், செடி நட்டவன் புல் போட்டேன். அதற்குள் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் ஜனங்களுக்குப் புல் என்றால் பிடுங்கி எறிவது. காசு கொடுத்து வளர்ப்பதெல்லாம் பெரிய அதிகாரிகள் பங்களாவில். பிறகு பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனார்கள். அங்கே வீட்டுக்கு வீடு முன்னால் புல்லைப் பார்த்தார்கள். இங்கே அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பி, நம் வீட்டிலும் போடு என்றார்கள். அப்படித்தான் என்னைப் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது.

எஸ்தர் மேடத்துக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும், எனக்கு முப்பத்தெட்டு. சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பக்கத்துக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா டீச்சர். விவசாயக் காலேஜில் படித்தவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பார். பதில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். திட்டு வாங்கினால் அரை மணியில் மறந்துவிடும். அந்தத் துடைப்பு வீடு வரைக்கும் கூட வரும்.

கோவிந்தசாமி வீடு திருச்சானூர் ரோட்டில், ஓர் உள்சந்தில் இருந்தது. அரசு பஸ் ஓட்டி ரிட்டையரானவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வீட்டில் தமிழ், டிப்போவில் தெலுங்கு என்று முப்பது வருஷம் பேசியவருக்கு மிஞ்சியது ஒரே வார்த்தை. "வொத்து." தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். மாத்திரை கொடுத்தால் வொத்து. டீ கொடுத்தால் வொத்து என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடிப்பார்.

அவரை நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் இரண்டு தடவை விழுந்து தாடையில் தையல். "கீழ மெத்துன்னு இருந்தா விழுந்தாலும் பயம் இல்ல, பயம் இல்லன்னாத்தான் கால எடுத்து வெப்பாரு" என்று அந்தப் பெண் சொன்னதாம். அதற்காகத்தான் புல்தரை. எவ்வளவு சீக்கிரம் நடக்கிறாரோ அவ்வளவு நல்லது, வருஷம் போனால் கால் மறந்துவிடும் என்றும் சொல்லியிருந்தது.

கமலம்மா கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எனக்கு இவர பாக்கவே நாளு பத்தல, புல்ல யாரு பாத்துக்கினு இருப்பாங்க? தண்ணி ஊத்துனா வரணும். ரெண்டு நாளு ஊத்த மறந்தாலும் சாவக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு போடுங்க நைனா."

நான் டேப்பை விரித்தேன். மேடம், "அத உள்ள வைங்க அண்ணா" என்றார். கமலம்மாவிடம் கோலமாவும் ஒரு சட்டி செம்மண்ணும் கேட்டார். காலை ஏழு மணிக்கு நிழல் விழுந்த ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். எட்டு மணிக்கு இன்னொன்று. சாயந்திரம் ஐந்து வரைக்கும் மணிக்கு ஒரு கோடு. மரத்து நிழலுக்கு வெள்ளை. மேற்கு மதிலை ஒட்டி நாலு மாடி எழும்பியிருந்த புது லாட்ஜின் நிழலுக்குச் செம்மண்.

"இன்னாம்மா, மார்கழி இப்பவே வந்துடுச்சா?" என்று கமலம்மா சிரித்தார். கோவிந்தசாமி "வொத்து" என்றார்.

"வேலு அண்ணா, இங்க பாருங்க. மரத்து நெழல்ல காசு காசா வெயில் விழுது. செவுத்து நெழல்ல ஒண்ணு கூட விழல. நமக்கு ரெண்டும் நெழல்தான். புல்லுக்கு வேற வேற."

பதினோரு வருஷம் நிழல் தேடி உட்கார்ந்து சோறு துன்னவன் நான். நிழல் நகரும் என்று தெரியும். ஒரு நாள் முழுக்க அது எங்கெங்கே போய் வந்தது என்பதை ஒரே பார்வையில் தரையில் பார்க்க முடியும் என்று தெரியாது. சாயந்திரம் அந்த முற்றத்தில் பத்து மணி நேரமும் அடுத்தடுத்துப் படுத்துக்கிடந்தது. எறும்புகள் ஏழு மணிக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போயின. கோடுகளை மிதித்துவிடுவேனோ என்று பயந்து மதில் ஓரமாகவே நடந்து குழாய்க்குப் போனேன். மேடம் எல்லாவற்றையும் நோட்டில் வரைந்துகொண்டார்.

பிறகு சீட்டு எழுதினார். மரத்தடிக்கு எருமைப்புல். நர்சரிக்காரர்கள் பஃபலோ என்பார்கள். கொடி மாதிரி தடித்த தண்டு, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு மொண்ணை முனை இலை. அருகம்புல் மாதிரி அழகு கிடையாது. ஆனால் சிதறின வெயில் மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும், மாதம் ஒரு வெட்டு போதும். கிழக்குப் பக்கம் தாழ்ந்த கிளைகள் மூன்றை எடுத்துவிட்டால் காலை வெயில் சாய்வாக உள்ளே வரும் என்றும் எழுதினார். லாட்ஜ் மதிலை ஒட்டிய ஐந்தடிக்கு எதிரில், "இங்கே எந்தப் புல்லும் வராது, கல் பதிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எது வராது என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுத்தவரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மறுநாளே மேடத்தைச் சித்தூரில் ஒரு கல்யாண மண்டப வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வேலை என் பொறுப்பு. இனி எழுதப்போவதை முதலாளியிடம் கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

தரை வேலையில் நான் குறை வைக்கவில்லை. வேர் அறுபடாமல் அரையடி கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் விட்டுக் காத்திருந்தேன். கோரை முளைத்தது, கிழங்கோடு எடுத்தேன். மறுபடி தண்ணீர், மறுபடி கோரை. இரண்டு தடவை இதைச் செய்யாமல் புல் போட்டால் வருஷம் முழுக்க வீட்டுக்காரர் கோரை பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மக்கிய எருவும் மணலும் கலந்து, பலகை போட்டு மட்டம் பார்த்தேன். எல்லாம் தயார், எருமைப்புல் மட்டும் வரவில்லை. கோதாவரிப் பக்கத்து நர்சரி லாரியில் வரவேண்டியது, இன்று நாளை என்று இழுத்தது. முதலாளி தினமும் "ஏமய்யா, அயிப்போயிந்தா?" என்று கேட்டார், முடிந்ததா என்று. நாளைக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போது கமலம்மா மாதிரிக்கு வந்திருந்த ஒரு கொத்து எருமைப்புல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுவா? எரும கூட மோந்துட்டு வுட்டுடும் போல இருக்குது. அருகம்புல்லு போடுப்பா. புள்ளையாருக்கு ஆவும். இவருக்கும் நல்லது நடக்கும்."

எனக்கும் அது சரி என்று பட்டது. காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டவன் நான் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அருகு சாகும் என்று எங்கள் ஊரில் எவனும் நம்பமாட்டான். கொல்லையில் அதைக் கொத்திக் கொத்திக் கை காய்த்துப்போன ஜனங்கள் நாங்கள். வெட்டி வரப்பில் எறிந்தால் எறிந்த இடத்தில் முளைக்கும். ஒரு கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் முதல் தூறலில் எழுந்துவிடும். அதைவிடப் பராமரிப்பு வேண்டாத புல் எது? கம்பெனியில் அருகு மூட்டை மூட்டையாக இருந்தது. நாலு விரலுக்கு ஒரு நாற்று என்று மூன்றே நாளில் நட்டு முடித்தேன். அருகுக்கு எதற்கு என்று கிளைகளையும் தொடவில்லை. லாட்ஜ் ஓரத்து ஐந்தடியையும் விடவில்லை.

மூன்று வாரம் பச்சைப்பசேலென்று வந்தது. கமலம்மா தினமும் கிள்ளிப் பிள்ளையாருக்கு வைத்தார். மேடம் சித்தூரிலிருந்து போன் செய்வார். "நல்லா வந்துக்கினு இருக்குது மேடம்" என்பேன். என்ன புல் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் தண்டு நீண்டது. இலை இல்லாமல் கம்பி கம்பியாக, எல்லாம் கிழக்குப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. தண்ணீர் போதவில்லை என்று கூட ஊற்றினேன். நிழல் மண் காயாமல் பாசி பிடித்தது. உரம் வைத்தேன், மஞ்சளாயிற்று. இரண்டாம் மாதம் முடியும்போது விளக்குமாற்றால் பெருக்கினால் புல்லும் சேர்ந்து வந்தது. வெயிலில் அதைவிட முரடு கிடையாது. நிழலில் அதைவிட நோஞ்சான் கிடையாது. அது சாகக்கூடிய ஒரு வழியை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதும் மேடம் போனில் கேட்டால், நல்லா வந்துக்கினு இருக்குது என்றுதான் சொன்னேன்.

கோவிந்தசாமி சிமெண்டுத் தரையில் மூன்றாவது தடவை விழுந்தார். அதைக் கேட்டு மகன் சொல்லிவிட்டார்: மரம்தான் காரணம், மரத்தை எடுத்துவிடுங்கள், வெயில் வரும், புல் வரும். மரம் போனபிறகு எவ்வளவு தோண்டவேண்டும் என்று கேட்கக் கமலம்மா ஆபீசுக்குப் போன் செய்தார். சித்தூர் வேலை முடிந்து, அன்றைக்கு ஆபீசில் இருந்தது எஸ்தர் மேடம். என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

நாங்கள் போனபோது கபாலி கயிறு கட்டி மேலே ஏறியிருந்தான். மேடம் நேராகப் போய்த் தரையில் குந்தினார். செத்த தண்டு ஒன்றைப் பிடுங்கிக் கணுவைப் பார்த்தார். அருகின் கணு அவருக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பாமலே எழுந்து மரத்தைப் பார்த்தார்.

"கபாலி, மரத்து மேலயிருந்து மேற்கால பாருங்க. இன்னா தெரியுது?"

"லாட்ஜுதான் மேடம். மூணாவது மாடியில ஒருத்தரு துணி காயப் போட்டுக்கினு இருக்காரு."

"மணி ஒண்ணே முக்கா. வெயிலு உங்க மேல படுதா?"

கபாலி இன்னும் ஒரு கிளை மேலே ஏறினான். "இல்லியே மேடம். உச்சிக் கெளைக்கு வந்துட்டேன், இங்கியே லாட்ஜு நெழலுதான்."

மேடம் நோட்டைப் பிரித்து ஜன்னலருகில் போனார். "சார், கேட்டீங்களா? மத்தியானத்துக்கு மேல உங்க முற்றத்துக்கு வெயில மறைக்கறது லாட்ஜு. மரத்த எடுத்தாலும் அந்த நெழலு அப்படியேதான் இருக்கும். மரம் இருந்தா வெயில் காலத்துல தரை சூடாகாது, அப்பா மத்தியானம் கூட வெறுங்கால்ல நடக்கலாம்."

போன் கொஞ்சம் இரைந்தது. "அப்ப அந்தப் புல்லு ஏன் செத்துச்சு? நெழல்ல வர்ற புல்லுன்னு சொல்லித்தானே உங்க கம்பெனி காசு வாங்குச்சு? எனக்கு நைனா நடக்கணுங்க. மறுபடியும் மறுபடியும் கத கேக்க நான் அங்க இல்ல. கபாலி, நீ வெட்டு."

மேடம் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். துப்பட்டாவின் நுனியை எடுத்தார்.

என் பெயர் ஒன்றைச் சொன்னால் அவர் தப்பிவிடலாம். கையில் தண்டு இருந்தது, அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு அந்த வீட்டிலேயே இருந்தது. சொல்லவில்லை. துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு வேலை போய்விடும், மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டவேண்டும், வாடகை என்று வரிசையாக ஓடியது.

மேலே கபாலி ரம்பத்தை எடுத்தான்.

"வொத்து" என்றார் கோவிந்தசாமி.

"அவரு எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லுவாரு, நீ வேலைய பாரு நைனா" என்றார் கமலம்மா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மகன் பேச்சைத் தட்டமுடியாது.

ரம்பம் முதல் இழுப்பு இழுத்தது. கோவிந்தசாமி இடது கையால் ஊன்றுகோலைத் தூக்கிக் கபாலியைப் பார்த்து எறிந்தார். அது பாதி உயரம் கூடப் போகவில்லை. கீழே நின்றிருந்த ஆளின் தோளில் பட்டு விழுந்தது. "யோவ் பெருசு" என்று அவன் குதித்தான். கோவிந்தசாமி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "சார், மரத்து மேல தப்பு இல்ல. மேடம் மேலயும் இல்ல. அவங்க எழுதிக் குடுத்தது வேற புல்லு. நான் அருகு போட்டேன். கெளையும் எடுக்கல. கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன்."

கமலம்மாதான் முதலில் பேசினார். "நான்தான்டா அருகு போடச் சொன்னேன், சீனு. அவன திட்டாத."

ஜன்னல் படியில் ஒரு பெருமூச்சு கேட்டது. "சங்கராந்திக்கு வர்றேன். அதுக்குள்ள புல்லு நிக்கணும். இல்லன்னா மரம் போயிடும். இதான் கடைசி."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கபாலி, வந்த கூலி வீணாக வேணாம். கெழக்கால தாழ இருக்கற மூணு கெளைய மட்டும் எடுத்துடுங்க." என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "அண்ணா, மண்ணு வேலை நல்லா செஞ்சிருக்கீங்க."

அந்த வாக்கியத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எருமைப்புல் வந்தது. ஒரு சாண் இடைவெளியில் கொடிகளைப் பதித்தேன். மரத்தைச் சுற்றி இரண்டடி வெறும் மண். மதிலோரம் கல். முதல் மாதம் தினமும் தண்ணீர், பிறகு மண் காய்ந்தால் மட்டும். வெட்டும்போது மூன்று விரல் உயரத்துக்குக் கீழே போகக்கூடாது, நிழல் புல்லுக்கு இலைதான் சாப்பாடு. மாவிலையை வாரம் ஒரு முறை பெருக்கவேண்டும், மூடிக்கொண்டால் அழுகும். இவ்வளவுதான் பராமரிப்பு. வேலை நேரம் போக, பஸ் பிடித்து வாரம் மூன்று நாள் போய்க் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொடி கணுவுக்குக் கணு கால் ஊன்றி, யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், நிழலுக்குள் நுழைந்து போவதைப் பார்க்க ஆண்டவன் எனக்கு இடம் கொடுத்தான். கார்த்திகை முடியும்போது மண் தெரியவில்லை.

சங்கராந்திக்குச் சீனு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். கோவிந்தசாமியை நானும் மேடமும் கைப்பிடித்து விட்டோம். நாலு எட்டு வைத்தார், விழுந்தார். முகம் புல்லில் பதிந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சிரித்தார். தூக்கப்போன மகனைப் பார்த்து "வொத்து" என்றார். தானே முட்டி போட்டு எழுந்து, மரம் வரைக்கும் போய்த்தான் நின்றார்.

புல் மாற்றிப் போட்ட செலவு இரண்டாயிரத்து நானூறு. என் சம்பளத்தில் ஒரே தடவையாகப் பிடி, இல்லாவிட்டால் ஆளை நிறுத்து என்று முதலாளி மேடத்திடம் சொல்லியிருந்தார். மேடம் தன் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டு, "எனக்கு மாசம் நூறு குடுங்க அண்ணா" என்றார். பதிமூன்று மாதம் கொடுத்தேன். பிறகு அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. மணலில் புல் வளர்க்கிற வேலையாம். ஒரு வாரத்தில் போய்விட்டார்.

மீதியை எடுத்துக்கொண்டு சித்தூரில் அவர் அம்மா வீட்டுக்குப் போனேன். டீச்சரம்மா கவரை வாங்கவில்லை.

"எஸ்தர் சொல்லிட்டுத்தான் போயிருக்கா, வேலு. வாங்காதீங்கம்மா, அவரு பாக்கி வெச்சிருந்தாத்தான் நெழல பாத்துட்டு புல்லு போடுவாருன்னு சொன்னா."

அதற்குப் பிறகு எத்தனையோ முற்றம். எல்லாவற்றிலும் முதல் நாள் கோலமாவு கேட்டு வாங்கியிருக்கிறேன். பாக்கி ஆயிரத்து நூறு ரூபாய்.